சிரிப்பிலிருந்து திருந்தி வந்தவரா சுப்பு ஆறுமுகம்?

வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 2022 அக்டோபர் 10 அன்று தம் 94ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவரைப் பற்றிய அஞ்சலிகளிலும் அறிமுகங்களிலும் ஒரே வாக்கியம் வெவ்வேறு உடையில் வந்துகொண்டிருக்கிறது: திரைப்படங்களுக்கு நகைச்சுவை எழுதியவர், பின்னர் பக்தியின் பக்கம் திரும்பி, வில்லுப்பாட்டை ஆன்மிகக் கலையாக உயர்த்தினார். இவ்வாக்கியத்தில் ‘பின்னர்’ என்பது காலவரிசைப் பிழை. ‘திரும்பி’ என்பது கலைவடிவம் பற்றிய பிழை. ‘உயர்த்தினார்’ என்பது மதிப்பீட்டுப் பிழை. ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருந்தும் அது இத்தனை எளிதாகப் புழங்குகிறதென்றால், அதைப் புழங்கவைக்கும் மனப்பழக்கம் எது என்று கேட்டாக வேண்டும். தமிழியல், நாட்டார் வழக்காற்றியல், திரைப்பட ஆய்வு ஆகிய மூன்று துறைகளுக்கும் இக்கேள்வியில் பங்குண்டு.

முதலில் காலவரிசை. சுப்பு ஆறுமுகம் 1928இல் திருநெல்வேலிச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். இளமையிலேயே பாட்டுக் கட்டியவர். அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கலைவாணரின் 19 படங்களுக்கும், நாகேஷின் ஏறத்தாழ 60 படங்களுக்கும் அவர் நகைச்சுவைப் பகுதிகள் எழுதியதாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. கலைவாணர் மறைந்தது 1957இல். நாகேஷ் திரையுலகில் நிலைபெற்றது 1960களில். ஆகவே நாகேஷுக்கான எழுத்துப்பணி கலைவாணரின் மறைவுக்குப் பின்னரும் நீண்ட காலம் நீடித்த பணி. வில்லுப்பாட்டுக் கலைஞராக அவர் புகழ்பெற்று, 1975இல் கலைமாமணி விருது பெற்றதும் ஏறக்குறைய அதே காலப்பகுதியில்தான். பகலில் நகைச்சுவையும் மாலையில் இராமாயணமும் ஒரே மனிதரின் ஒரே வாரத்தில் இருந்திருக்கக்கூடிய வேலைகள். அறுபது படங்களுக்கு எழுதியவர் ஒரு நள்ளிரவில் பேனாவை வைத்துவிட்டு வீசுகோலை எடுத்தார் என்று எழுதுவது வரலாறு ஆகாது.

பிறகு ஏன் அப்படி எழுதப்படுகிறது? தமிழில் அதற்கொரு பழைய அச்சு இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செழித்த நொண்டி நாடகத்தின் கதைப்போக்கை இலக்கிய வரலாறு படித்த அனைவரும் அறிவர். ஊதாரி ஒருவன் பரத்தையிடம் பொருளை இழக்கிறான், களவில் இறங்குகிறான், குதிரையைத் திருடும்போது பிடிபட்டுக் காலை இழக்கிறான், இறைவனை வேண்டுகிறான், கால் வளர்கிறது. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன் அருளுகிறான். சீதக்காதி நொண்டி நாடகத்தில் இதே சட்டகம் இசுலாமியச் சூழலில் பொருந்தி நிற்கிறது. சமயம் மாறினாலும் சட்டகம் மாறவில்லை. கலைஞர்களின் வாழ்க்கையை எழுத அமரும் நம் காலத்துப் பேனாக்கள் தம்மையறியாமல் இந்தச் சட்டகத்தையே நிரப்புகின்றன. சினிமா பரத்தையின் வீடாகிறது, நகைச்சுவை களவாகிறது, பக்தி வளர்ந்த காலாகிறது. கலைஞர் திருந்திய நொண்டியாகிறார்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. நொண்டி நாடகத்தைக் கூட்டம் கூடிப் பார்த்தது அதன் முடிவிலுள்ள அருளுக்காக மட்டும் அன்று. நொண்டி தன் திருட்டுகளைத் தானே சொல்லிக் குதித்துக் குதித்துப் பாடும் சிரிப்புக்காகவும்தான். அந்த நாடகமே சிரிப்பையும் வேண்டுதலையும் ஓர் உடம்பில் வைத்திருந்தது. அதைச் சுருக்கிச் சொல்லும் வாழ்க்கைக் குறிப்போ சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்கிறது.

இரண்டாவது பிழைக்கு வருவோம். பக்தியின் பக்கம் ‘திரும்பி’ என்று சொல்வதற்கு, நகைச்சுவை ஒரு திசையிலும் பக்தி எதிர்த்திசையிலும் இருந்தாக வேண்டும். வில்லுப்பாட்டில் அப்படி இருக்கிறதா?

வில்லுப்பாட்டின் கருவிகளாக வில், வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், கட்டை ஆகியன பட்டியலிடப்படுகின்றன. பட்டியலில் இடம்பெறாத ஒரு கருவி உண்டு. அது ‘ஆமாம்’ என்னும் சொல். தலைமைப் பாடகர் ஒரு செய்தியைச் சொல்ல, உடனிருப்பவர் ‘ஆமாம்’ போடுகிறார். வட இந்தியக் கதைசொல்லலில் ‘ஹுங்காரி’ என்று வழங்கும் உம்-கொட்டலுக்கு இது உறவு. கதை கேட்பவர் விழித்திருக்கிறார், தொடர்கிறார் என்பதற்கான அடையாளம் அது. ஆனால் வில்லுப்பாட்டின் ‘ஆமாம்’ அதற்கு மேலும் சில வேலைகளைச் செய்கிறது. ஒப்புக்கொள்கிறது, சொன்னவரின் கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிச் சொல்கிறது, ‘அப்படியா?’ என்று ஐயுறுகிறது. சில வேளைகளில் வேண்டுமென்றே தவறாகப் புரிந்துகொள்கிறது. இந்த நான்காவது வேலையிலிருந்துதான் சிரிப்பு பிறக்கிறது. மூன்றாவது வேலையிலிருந்து பிறப்பது பக்திக்கதையின் விசாரணை. இராமன் ஏன் மறைந்து நின்று அம்பு எய்தான் என்று அவையில் அமர்ந்திருப்பவர் கேட்க முடியாது. அவருக்காகப் பின்பாட்டுக்காரர் கேட்கிறார். பாட்டில் இடம் ஒன்றே. அங்கே போடப்படும் விதை வேறு.

இரட்டை வழக்கு என்று மொழியியலில் சொல்லப்படும் தமிழின் இயல்பும் இங்கே வேலை செய்கிறது. பாட்டு செந்தமிழுக்கு அருகில் நடக்கிறது. இடையில் வரும் வசனம் நெல்லை, குமரிப் பேச்சில் இறங்குகிறது. உயர்ந்த நடையில் வந்த ஒரு சொல், ஊர்ப்பேச்சு நடையில் வந்த மறுமொழியோடு மோதும் நொடியில் அவை சிரிக்கிறது. அதே மோதல்தான் எட்டாத உயரத்திலிருக்கும் தெய்வத்தை ஊர்த் திண்ணையில் உட்கார வைக்கிறது. நகைச்சுவைக்கு ஓர் இலக்கணமும் பக்திக்கு வேறோர் இலக்கணமும் அங்கே கிடையாது. திரைக்கு நகைச்சுவை எழுதிய கை வில்லுக்குப் புராணம் எழுதியபோது புதிய மொழி கற்கவில்லை; தெரிந்த மொழியில்தான் எழுதியது.

இது வில்லுப்பாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. தெருக்கூத்தில் திரௌபதியின் துயரத்துக்கு இரண்டடி தள்ளிக் கட்டியங்காரன் நின்று கேலி பேசுகிறான். அம்மன் கோயில் திருவிழாவில் கரகத்தோடு குறவன் குறத்தி ஆட்டம் வந்தது. கோயிலுக்கு முன்னால் சிரிப்பதைத் தமிழ் நாட்டார் மரபு ஒருபோதும் குற்றமாகக் கருதியதில்லை. அதைக் குற்றமாக்கியது பின்னால் வந்த நாகரிகம்.

திரைப்படத்துக்கு வந்தாலும் சான்று மாறுவதில்லை. தமிழ்த் திரையின் மறக்கமுடியாத நகைச்சுவைப் பாத்திரங்களுள் ஒன்று, 1965இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் நடித்த தருமி. ஒரு சிவபுராணப் படத்தின் நடுவில், கடவுளோடு பேரம் பேசும் வறிய புலவனாக அச்சிரிப்பு நிகழ்கிறது. அப்படத்தில் நாகேஷ் பக்திக்குத் திரும்பினார் என்று யாரும் எழுதுவதில்லை. எதிர்த்திசைச் சான்றும் உண்டு. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் கலைவாணர் நடத்திய கிந்தனார் காலட்சேபம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை வடிவ மாதிரியாகக் கொண்டது. சிதம்பரம் போக ஏங்கிய நந்தனின் இடத்தில், படிக்க ஏங்கும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் கிந்தன் வந்தான். பக்தி வடிவத்தைக் கலைவாணர் சீர்திருத்தச் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டார். அவரிடம் பயின்றவர் சிரிப்பின் கருவிகளைப் பக்திக் கதைக்கு எடுத்துக்கொண்டார். ஆசிரியரும் மாணவரும் ஒரே பாலத்தில்தான் நடந்தார்கள். திசை வேறு என்பதால் ஒருவரது நடை கலகம் என்றும் மற்றவரது நடை மனமாற்றம் என்றும் பெயரிடுவது ஆய்வாகாது.

உலக இசை வரலாற்றிலும் இந்தக் கட்டுக்கதைக்கு உடன்பிறப்புகள் உள்ளன. அமெரிக்காவில் தாமஸ் ஏ. டார்சி, ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் டாம்பா ரெட் என்பவரோடு 1928இல் பதிவுசெய்த பாட்டு, இரட்டைப் பொருள் தொனிக்கும் நகைச்சுவை புளூஸ். அதே டார்சிதான் பின்னர் கறுப்பினத் தேவாலயங்களின் ‘காஸ்பல்’ இசைக்குத் தந்தை என்று போற்றப்பட்டார். 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துயரில் அவர் எழுதிய பாடல் உலகெங்கும் பாடப்படுகிறது. இந்த வாழ்க்கையும் பாவத்திலிருந்து மீட்புக்கு என்ற கோட்டிலேயே சொல்லப்படுவது வழக்கம். ஆனால் டார்சி 1920களில் புளூஸ் வாசித்துக்கொண்டிருந்தபோதே சமயப் பாடல்களும் எழுதினார். தேவாலயத்துக்குள் சென்ற பிறகும் புளூஸின் சாயல் அவர் இசையைவிட்டுப் போகவில்லை. தொடக்கத்தில் பல தேவாலயங்கள் அவரை ஏற்கத் தயங்கியதற்குக் காரணமே அச்சாயல்தான். மீட்புக் கதையை நம்புகிறவர்களைவிட, அன்று கதவைச் சாத்திய பாதிரிமார்கள் அவருடைய இசையைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளையின நாட்டுப்புற இசையிலும் இதே நிலைதான். 1969இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஹீ ஹா’ என்னும் நிகழ்ச்சி, நாட்டுப்புறக் கிண்டலுக்குப் பேர்போனது. அந்நிகழ்ச்சியிலேயே நால்வர் கூடிச் சமயப் பாடல் பாடும் பகுதியும் இருந்தது. அந்நால்வரில் ஒருவர் ‘கிராண்ட்பா ஜோன்ஸ்’, கிழவர் வேடமிட்டுச் சிரிக்கவைத்த பாஞ்சோ கலைஞர். சிரிப்புக்கும் தோத்திரத்துக்கும் நடுவே அவர் திருந்த வேண்டிய தேவை எழவில்லை. பார்வையாளர்களும் அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது பிழை ‘உயர்த்தினார்’ என்பது. இதுவே மூன்றிலும் கேடானது. ஏனெனில் இதற்குள் ஒரு தராசு ஒளிந்திருக்கிறது. திருமுருக கிருபானந்த வாரியார் தம் சொற்பொழிவுகளில் அவையைச் சிரிக்கவைத்தவர். முன்வரிசைச் சிறுவர்களிடம் கேள்வி கேட்டுக் கலகலப்பூட்டியவர். வாரியார் பக்தியை நகைச்சுவையாகத் தாழ்த்தினார் என்று எவரும் சொன்னதில்லை. அவர் சிரிப்பு பக்திக்கு அணி. சுப்பு ஆறுமுகத்தின் சிரிப்போ பக்தியால் கழுவப்பட வேண்டிய கறை. ஒரே சேர்மானத்துக்கு இரு மதிப்பெண்கள் ஏன்? ஒருவர் தொடங்கிய இடம் சமய மேடை. மற்றவர் தொடங்கிய இடம் நாட்டுப்புறப் பாட்டும் சினிமாவும். தராசு கலையை நிறுப்பதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்ட இடத்தை நிறுக்கிறது. நாட்டார் கலை தானாக நிற்க முடியாது, ஏதேனும் உயர்ந்த ஒன்றைத் தொட்டால்தான் மதிப்புப் பெறும் என்ற எண்ணத்தின் மரியாதையான வடிவமே ‘உயர்த்தினார்’ என்னும் சொல்.

பக்தி வட்டாரத்தை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பல்கலைக்கழக வட்டாரத்தில் இதே கதை தலைகீழாகச் சொல்லப்படுகிறது. உண்மையான வில்லுப்பாட்டு கொடை விழாவில்தான் இருக்கிறது. மேடையில் இராமாயணம் பாடுவது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்திடம் சரணடைந்த வில்லுப்பாட்டு. ஆகவே சுப்பு ஆறுமுகம் ஆய்வுக்குரியவர் அல்லர். இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. சுடலைமாடனும் இசக்கியும் முத்துப்பட்டனும் கொடையில் பாடப்படும்போது, பாட்டின் உச்சத்தில் சாமி வந்து இறங்குகிறது. பாட்டு அங்கே சடங்கின் உறுப்பு. நா.வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களும், ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வும் அந்த உலகத்தின் ஆழத்தைக் காட்டுகின்றன. பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலச் சகோதரிகள் இருவரை மணந்து, ஆநிரை காக்கப் போரிட்டு மடிந்த முத்துப்பட்டனின் கதைக்குப் பதிலாக இராமகதை வரும்போது இழப்பு நேர்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இழப்புக்குச் சரியான பெயர் சூட்ட வேண்டும். அது சிரிப்பிலிருந்து பக்திக்குப் போன நகர்வன்று. கொலையுண்டு தெய்வமானவர்களின் கதையிலிருந்து அவதாரங்களின் கதைக்கும், கோயில் முற்றத்திலிருந்து சபா மேடைக்கும் நேர்ந்த நகர்வு. இரண்டு முனைகளிலும் பக்தி இருக்கிறது. இரண்டு முனைகளிலும் சிரிப்பும் இருக்கிறது. மாறியவை தெய்வங்களும் இடமும் கேட்போரும். இதைப் பேசினால் சாதியையும் புரவலர்களையும் ஊர்ப்பெயர்வையும் பேச வேண்டிவரும். மனமாற்றக் கதை அந்த வேலையை மிச்சப்படுத்தித் தருகிறது. அதனால்தான் இரு தரப்பாருக்கும் அது வசதியாக இருக்கிறது.

ஊர்ப்பெயர்வு என்பதற்குத் தலைநகரிலேயே சான்று கிடைக்கும. புது தில்லி கோல் மார்க்கெட்டைச் சுற்றிய அரசு ஊழியர் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. அருகிலுள்ள மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் நடக்கிறது. அப்பகுதியில் சுடலைமாடனுக்குப் பீடம் இல்லை; கொடையும் இல்லை. அத்தகைய இடங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வில்லுப்பாட்டு அறிமுகமாகுமானால், அது மேடையின் வழியாகவும் வானொலி, தொலைக்காட்சியின் வழியாகவும்தான் ஆகும். சடங்கைத் தூக்கிக்கொண்டு வர முடியாத தொலைவுக்கு ‘ஆமாம்’ என்னும் உரையாடல் வடிவத்தைத் தூக்கிக்கொண்டு வர முடிந்தது. அதைச் சாத்தியமாக்கியவர்களுள் சுப்பு ஆறுமுகம் முதன்மையானவர். இந்தப் பணியைச் சரணாகதி என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது, பெயர்ந்து வாழும் தமிழரின் பண்பாட்டு வாழ்வையே போலி என்று தள்ளுவதற்கு ஒப்பாகும்.

அதே தலைநகரத்தின் நிறுவனங்கள்தாம் அவருக்கு 2004இல் சங்கீத நாடக அகாதெமி விருதையும் 2021இல் பத்மஸ்ரீயையும் அளித்தன. விருதுகள் தகுதியானவருக்கே சென்றன. ஆயினும் விருது என்பது ஒரு பெட்டி. ‘நாட்டுப்புறக் கலை’ என்று எழுதிய பெட்டிக்குள் வில்லும் குடமும் அடங்கின. திரைக்கு எழுதிய காமெடி டிராக் அடங்கவில்லை. பெட்டிக்கு வெளியே கிடந்ததே நாளடைவில் வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியாகச் சுருங்கி, கடந்துசெல்லப்பட வேண்டிய இளமைப் பருவமாக ஆகிவிட்டது.

உண்மையான இழப்பு இங்கேதான் இருக்கிறது. பழைய தமிழ்த் திரையில் காமெடி டிராக் பல வேளைகளில் மூலக்கதையிலிருந்து விலகி, வேறொருவரால் எழுதப்பட்டு, தனியாகப் படமாக்கப்பட்டு, பின்னர் ஒட்டப்பட்டது. எழுதியவரின் பெயர் மறைந்து, சொன்ன நடிகரின் பெயர் நின்றது. மக்கள் அதை நாகேஷ் ஜோக் என்றே நினைவில் வைத்தார்கள். சுப்பு ஆறுமுகத்தைப் பற்றி 19 என்றும் 60 என்றும் எண்கள் சொல்லப்படுகின்றன; எந்தப் படம், எந்தக் காட்சி, எந்த வசனம் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எண் மரியாதைக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. திருந்துவதற்கு முன் செய்த பிழைகளை யாராவது பட்டியலிடுவார்களா? மனமாற்றக் கதையின் மெய்யான கேடு அதுதான்: தேடுவதற்கான காரணத்தையே அது அழித்துவிடுகிறது.

இந்த நோக்கில் அவர் வில்லை ஏந்தி அமர்ந்ததற்கே வேறொரு விளக்கம் கிடைக்கிறது. திரையில் அவர் எழுதியது இன்னொருவர் வாயில், இன்னொருவர் பெயரில் வாழ்ந்தது. வில்லின் நடுவில் அமர்ந்தபோது எழுத்தும் குரலும் பெயரும் ஒருவருக்கே உரியவை ஆயின. பெயரற்ற எழுத்தாளர் பெயருள்ள கலைஞரானார். இந்த மாற்றம் ஆன்மிகத்தைவிட உழைப்போடும் உரிமையோடும் நெருக்கமானது. அவருடைய பக்தி பொய் என்பது இதன் பொருளன்று. ஒருவரின் பக்தியை அளக்க ஆய்வாளரிடம் கருவியில்லை. எழுத்துரிமையை அளக்கக் கருவி உண்டு. இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் இல்லாத கருவியால் அளந்து தீர்ப்புச் சொல்வது துறைக்கு அழகல்ல.

எனவே செய்ய வேண்டியவை வெளிப்படை. முதலாவது, சுப்பு ஆறுமுகம் நகைச்சுவை எழுதிய படங்களின் பட்டியலைக் காட்சிவாரியாகத் தொகுக்க வேண்டும். பாட்டுப் புத்தகங்கள், பழைய திரை இதழ்கள், படக்குழுவினர் நினைவுகள், குடும்பத்தாரிடமுள்ள தாள்கள் ஆகியவற்றில் தேடிப் பார்க்கும் வேலை இது. ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான வேலை. இரண்டாவது, அவருடைய வில்லிசை நிகழ்ச்சிகளை எழுத்தில் பெயர்க்கும்போது பின்பாட்டுக் குரலையும் சேர்த்தே பெயர்க்க வேண்டும். ‘ஆமாம்’ நீக்கப்பட்ட வில்லுப்பாட்டுப் பனுவல், மறுமொழி நீக்கப்பட்ட உரையாடல். அதை வைத்துக்கொண்டு கலைஞர் சிரிக்கவைத்தாரா சிந்திக்கவைத்தாரா என்று விவாதிப்பது வீண். மூன்றாவது, பாடத்திட்டத்தில் கலைவாணரின் கிந்தனாரையும் அவர் மாணவரின் வில்லிசை இராமாயணத்தையும் அருகருகே வைக்க வேண்டும். ஒன்றைத் திராவிட இயக்கத் தாளிலும் மற்றொன்றைப் பக்தி இலக்கியத் தாளிலும் பிரித்து வைத்திருக்கும் வரை, மாணவர்கள் இந்த இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதைக்கூட அறியாமல் பட்டம் பெறுவார்கள்.

சுப்பு ஆறுமுகத்தின் மகள் பாரதி திருமகன் இன்று வில்லை ஏந்துகிறார். அவர் மேடையிலும் ஒருவர் சொல்ல மற்றவர் ‘ஆமாம்’ போடுகிறார். அவை ஓரிடத்தில் சிரிக்கிறது, ஓரிடத்தில் கைகூப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் எழுந்து போய் இருக்கை மாறி அமர்ந்தவர் எவரும் இல்லை. அந்த அவைக்கு விளங்குவது ஆய்வுலகுக்கும் விளங்க வேண்டும். அதற்கு முதற்படியாக, அடுத்த கட்டுரையில் ‘பின்னர் பக்தியின் பக்கம் திரும்பி’ என்று எழுத முற்படும் கை ஒரு கணம் நின்று, அவர் எங்கிருந்து எங்கே திரும்பினார் என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

கோல் மார்க்கெட், புது தில்லி